பலனில்லாத குரலா?

கேள்வி: அணு ஆயுதங்களைக் குறைப்பது வல்லரசுகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். இதில் சிறிய நாடுகள் குரல் எழுப்பி என்ன பலன்?

பதில்: ‘தமக்குள்’ என்ற உங்கள் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின்படி, குண்டு இல்லாத நாடுகள் அதைச் செய்யவோ பெறவோ மாட்டோம் என்று உறுதி கொடுத்தன. அதற்கு ஈடாகத்தான், ஆயுதக் குறைப்புக்கான பேச்சுவார்த்தையை நல்லெண்ணத்துடன் நடத்தும் கடமை 6ஆவது பிரிவில் எழுதப்பட்டது. அந்தப் பேச்சுவார்த்தையை நடத்தினால் போதாது, முடித்தும் காட்ட வேண்டும் என்று 1996இல் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது. வாக்குக் கொடுத்தவரிடம் அதை நிறைவேற்றும்படி கேட்பது வாக்குப் பெற்றவரின் உரிமை.

அப்படிக் கேட்ட நாடு பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுகள். அமெரிக்கா 1946 முதல் 1958 வரை அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1 அன்று அங்குள்ள பிக்கினித் தீவில் வெடித்த குண்டு ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமையுடையது. அதன் கதிரியக்கச் சாம்பல் ரோங்கலாப் தீவில் மக்கள் மீது பொழிந்த பிறகும், அவர்களை அங்கிருந்து அகற்ற இரண்டு நாள் ஆயிற்று. இதையெல்லாம் பட்ட அந்த நாடு, 2014 ஏப்ரலில் அணு ஆயுத நாடுகள் ஒன்பதின் மீதும் சர்வதேச நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தபோது, தனக்கு இழப்பீடு கேட்கவில்லை. ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தை நடத்தும் கடமையை நிறைவேற்றுங்கள் என்றே கேட்டது. தம் மீது வரும் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று முன்கூட்டியே அறிவித்து ஏற்றிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்றின் மீது மட்டுமே வழக்கு நடந்தது. நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று நம் அரசும் வாதாடியது என்பதை நாம் மறைக்கக் கூடாது.

2016 அக்டோபர் 5 அன்று தீர்ப்பு வந்தது. பிரிட்டன் வழக்கில் நீதிபதிகள் எட்டுக்கு எட்டாகப் பிரிந்து நின்றதால், தலைவரின் கூடுதல் வாக்கால் வழக்கு தள்ளுபடியாயிற்று. கடமை மீறப்பட்டதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் செல்லவே இல்லை. வழக்குத் தொடுத்த நாளில் இரு நாடுகளுக்கும் இடையே தகராறு இருந்ததாக நிறுவப்படவில்லை என்பதே அது சொன்ன காரணம். குண்டுகளின் நிழலில் அரை நூற்றாண்டைக் கழித்த ஒரு நாட்டுக்கு இதைவிட வேதனையான பதில் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்டீர்கள். தீர்ப்பு வந்த ஐந்தே மாதத்துக்குள், 2017 பிப்ரவரியில், நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று வெளியிட்டிருந்த தன் ஒப்புதல் அறிவிப்பைப் பிரிட்டன் திருத்தியது: ஒப்பந்தம் அங்கீகரித்த மற்ற நான்கு அணு ஆயுத நாடுகளும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று, அதே வழக்கில் தரப்பினராகவும் வந்தால் ஒழிய, அணு ஆயுதம் தொடர்பான எந்த வழக்குக்கும் தான் உட்படுவதில்லை என்று எழுதிக்கொண்டது. வழக்கில் வென்ற பிறகும் ஒரு வல்லரசு இவ்வளவு அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்டது, நீங்கள் பலனில்லை என்று சொல்லும் அந்தக் குரல் மீண்டும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான்.