சனி, ஞாயிறில் வாசிக்க: இணையமும் நம் அன்றாடமும்

இணையம், தொழில்நுட்பம், அன்றாட வாழ்க்கை பற்றி விடுமுறையில் என்ன வாசிக்கலாம் என்று டெல்டா ஊர்களிலிருந்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள். புதுப் போன், புதுச் செயலி பற்றிய செய்திகள் அடுத்த மாதமே பழசாகிவிடும். ஒரு கருவி கைக்கு வந்தபின் மனிதர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்று சொல்லும் எழுத்து பழசாவதில்லை. என் பரிந்துரைகள் எல்லாம் அந்த வகைதான்.

நாகப்பட்டினம்: அப்பாவுக்குப் படகுத் தொழில். கடலிலிருந்தே போனில் விலை கேட்டுவிட்டுத்தான் எங்கே கரை சேர்வது என்று முடிவு செய்கிறார். இதைப் பற்றியெல்லாம் யாராவது எழுதியிருக்கிறார்களா சார்?

அருமையாக எழுதியிருக்கிறார்கள் தம்பி. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-ல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் எழுதிய கேரளக் கடற்கரை ஆய்வைத் தேடிப் படியுங்கள். 1997-லிருந்து 2001 வரை அந்தக் கரையோரம் செல்போன் பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன்பு, மீன் இறங்கும் ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கடலிலேயே கொட்டுவார்கள். அதே நேரம் பக்கத்துத் துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் வெறுங்கையோடு திரும்புவார்கள். போன் வந்ததும் கொட்டுவது நின்றது. துறைக்குத் துறை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

கணக்குப் பகுதிகளைத் தாண்டிவிடுங்கள். தாறுமாறாக ஓடிய விலைக்கோடுகள் போன் வந்த பிறகு ஒன்றையொன்று நெருங்கும் வரைபடத்தை மட்டும் அப்பாவிடம் காட்டுங்கள். நம் கரையில் படகுக்கு முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டிய கட்டாயம் இருந்தால், விலை தெரிந்தும் என்ன பயன் என்று அவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அவர் சொல்வதை எழுதி வையுங்கள், நாகைக்கு அப்படி ஒரு கட்டுரை வேண்டும்.

வேதாரண்யம்: 2018 கஜா புயலில் டவர்கள் சாய்ந்து, போன் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அப்படியிருக்க இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்?

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தொடங்கிய தகவல் மையங்களைப் பற்றி வாசியுங்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். தகவல் எத்தனையோ கடல் தாண்டி வந்தாலும், கடைசியில் அதை மீனவர் காதில் சேர்த்தது குழாய் ஸ்பீக்கர்தான். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே சொன்னதால் மக்கள் சுனாமிக்கு முன் ஊரைவிட்டு ஓடித் தப்பினார்கள். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒரே வழியை மட்டும் நம்பாதீர்கள். டவர் விழுந்தால் அடுத்தது எது என்று ஊருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் ரேடியோவும், கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளும் இன்றைக்கும் தேவைதான்.

மன்னார்குடி: நான் ஆசிரியை. முன்பெல்லாம் ஒரு நாவலை ஒரே மூச்சில் முடிப்பேன். இப்போது நாலு பக்கம் தாண்டினால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

2008-ல் 'தி அட்லாண்டிக்' இதழில் நிக்கலஸ் கார் எழுதிய கட்டுரை இதே வருத்தத்தில்தான் பிறந்தது. கூகுள் நம்மை மழுங்கடிக்கிறதா என்று கேட்கும் கட்டுரை. அதோடு பிளேட்டோவின் 'பீட்ரஸ்' உரையாடலின் கடைசிப் பகுதியையும் படியுங்கள். எழுத்து வந்தால் மனிதருக்கு நினைவாற்றல் போய்விடும் என்று அங்கே சாக்ரடீஸ் வாதிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் பயம் கொஞ்சம் தணியும். ஆனால் நிக்கலஸ் கார் சொல்வதைப் பழைய புலம்பல் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. உங்கள் கை போனைத் தேடுவதற்கு உங்கள் பலவீனம் மட்டும் காரணமில்லை அம்மா. திரை முடிவில்லாமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் அமைப்பை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

மயிலாடுதுறை: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் வதந்திகளை என்ன செய்வது?

2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது ஏன் என்பதைத் தேடிப் படியுங்கள். வதந்தியை நம்பிக் கூட்டம் அடித்துக் கொன்ற அப்பாவிகளின் கதை அது. பெரியப்பாவுக்குக் குழுவில் பதில் போட வேண்டாம். நேரில் போய்ச் சொல்லுங்கள்.

திருவாரூர்: மகள் ஏஐயிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். பயமாக இருக்கிறது.

எலிசாவின் கதையை அவளோடு சேர்ந்து வாசியுங்கள். கணினி விஞ்ஞானி ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட சின்னக் கணினி நிரல் அது. நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்கியதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதில் அதிர்ந்து, 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார். மகளைக் கண்டிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஏக்கம் அறுபது வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறது என்பதை இருவரும் பார்க்கலாம்.

கும்பகோணம்: கல்லூரி மாணவன் ஐயா. நீங்கள் சொல்வதெல்லாம் ஆங்கிலமாக இருக்கிறது. தமிழிலேயே ஒன்று சொல்லுங்கள்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தொழில்நுட்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதே. ஓலையிலிருந்து அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்தை உள்ளிருந்து சொல்லும் புத்தகம் இது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர், உன் ஊர்க் கல்லூரியில் 1880-ல் ஆசிரியராகச் சேர்ந்தவர். சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதில் தொடங்கி, 1887-ல் அது அச்சாகும் வரையுள்ள பகுதியை முதலில் எடுத்துக்கொள். உரையாசிரியர் பெயர் சொல்லாமல் காட்டிய ஒரு மேற்கோள் எந்த நூலிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அவர் ஏடு ஏடாகத் தேடுகிறார். இன்று நீ போனில் நொடியில் செய்கிற தேடல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் தன்னார்வலர்கள் இப்படிப்பட்ட நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்திருக்கிறார்கள். இதையும் அங்கேயே போனில் இறக்கிக்கொள்ளலாம்.