பழைய பாக்கெட் வாட்ச்ல இருக்கற பொம்மைங்க நிஜமாவே மணி அடிக்குதா, இல்ல ஏமாத்து வேலையா?

ஏதோ வீடியோ பாத்துட்டு கேக்கறீங்கன்னு நெனைக்கிறேன். பொம்மை அடிக்கறதில்ல. டயல்ல தெரியற மணி சும்மா அலங்காரம், சத்தம் உள்ள கேஸ ஒட்டி வளைஞ்சு போற எஃகு கம்பில இருந்து வருது, அத அடிக்கறது உள்ள மறைஞ்சிருக்கற குட்டி சுத்தியல். ஆனா அதுக்காக ஏமாத்துன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வேலை விஷயமா ஜெனீவால இருந்தப்ப ஊர்ல இருந்து வந்த மச்சான ஒரு பழைய வாட்ச் கடைக்கு கூட்டிட்டுப் போனேன். 1800 வாக்குல செஞ்ச ரிப்பீட்டர் வாட்ச், அதாவது அமுக்கினா மணிய அடிச்சுச் சொல்றது, டயல்ல ரெண்டு பொம்மை. கடைக்காரப் பெரியவர் மேல இருக்கற கொண்டைய அமுக்கினதும் ஒரு பொம்மை நாலு தடவ கைய ஓங்குச்சு, அப்புறம் ரெண்டும் சேந்து டிங்டாங் டிங்டாங். அதாவது நாலு மணி, மேல ரெண்டு கால், நாலரை தாண்டியாச்சு. மச்சான் உடனே "கை மணில படவே இல்லியே மாப்ள, டுபாக்கூரு"ங்கறார். பெரியவருக்கு தமிழ் தெரியாது, ஆனா மச்சான் மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுகிட்டு பின்மூடியத் தொறந்துட்டார். கொண்டைய அமுக்கறப்ப தனியா ஒரு ஸ்பிரிங் முறுக்கேறுது. நத்தை மாதிரி சுருண்ட தகடு ஒண்ணு, அதுல 12 படி, ஒரு நெம்புகோல் அதுல எவ்ளோ ஆழம் இறங்குதோ அத்தன அடி. கால் மணிக்கு 4 படியில இன்னொரு தகடு. பொம்மையோட கையும் உள்ள இருக்கற சுத்தியலும் ஒரே ஓட்டத்துல மாட்டியிருக்கறதாலதான் துளி பிசகாம சேந்து வருது, இத கைல ராவி செஞ்சவன போய் டுபாக்கூருன்னா எப்படி?

கரண்ட் லைட் இல்லாத காலத்துல ராத்திரி மணி தெரியத்தான் ரிப்பீட்டரே வந்துச்சு, 1687லயே இங்கிலாந்து ராஜா ரெண்டாம் ஜேம்ஸ், போட்டி போட்ட ரெண்டு பேரோட ரிப்பீட்டர் வாட்ச வச்சுப் பாத்து, ஒரே அமுக்குல மணியும் காலும் சொன்ன வாட்ச் செய்யற டேனியல் குவேருக்கு சாதகமா தீர்ப்பு குடுத்திருக்கார். இருட்டுல பொம்மை எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, அது பகல்ல நாலு பேர்ட்ட காட்டி பீத்திக்கறதுக்கு.

எல்லா வாட்சும் இப்படித்தான்னு நான் சொல்லல, கம்பிக்கு பதிலா உள்ள நிஜ மணியே வச்ச பழைய மாடலும் உண்டு, மெக்கானிக்குங்க சண்டைக்கு வராதீங்க. வாங்கற ஐடியா இருந்தா உஷார், சாதா ரிப்பீட்டர்ல பிற்பாடு பொம்மை மாட்டி விக்கறாங்க. அடிச்சிட்டு இருக்கறப்ப முள்ளத் திருப்பவும் கூடாது.

நம்மூர்ல இதெல்லாம் யார்ட்ட பேசறது? எங்கப்பாவோட கீ குடுக்கற ஹெச்எம்டிய ஒரு கடைல குடுத்தா, "மெஷினத் தூக்கிட்டு பேட்டரி மெஷின் போட்டுடலாம் சார், கீ குடுக்கற தொல்லையே இல்ல"ங்கறான். புடுங்கிட்டு வந்துட்டேன். திருச்சி பக்கம் கீ வாட்ச் பாக்கற ஆள் தெரிஞ்சா சொல்லுங்க.