பெருந்துறைத் தம்பிக்கு: பார்க்காத வண்டிக்கு அட்வான்ஸ் போடாதீங்க

தம்பி, அடுத்த மாசம் குடும்பத்தோட மெல்பர்ன் போறீங்கன்னு எழுதியிருந்தீங்க. அங்க இருக்கற நம்மூர்க்காரர் ஒருத்தர் அவரோட 2007 மாடல் ஏழு சீட் பெட்ரோல் எஸ்யூவியை 6,500 ஆஸ்திரேலிய டாலருக்குத் தர்றேங்கறாரு, 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது, 500 டாலர் அட்வான்ஸ் இப்பவே கேட்கறாரு, பெட்ரோலுக்கும் மராமத்துக்கும் என்ன ஆகும்னு கேட்டீங்க. கூடவே பள்ளிக்கூடம், வாடகை வீடு, குக்கர். குக்கர் எடுத்துட்டுப் போங்க. வீட்டை வேலைக்குப் பக்கமாப் பாருங்க. கவர்ன்மென்ட் பள்ளிக்கூடம் அந்த வீட்டு அட்ரஸைப் பார்த்துத்தான் கிடைக்கும். மத்ததெல்லாம் போனாத் தன்னால தெரியுமுங்க. வண்டி அப்படித் தெரியாது. அதனால அதைப் பத்தி மட்டும் எழுதறேன்.

நாங்க போனது 2009 ஜூன். அங்க அது குளிர்காலம். எனக்கு முதியோர் இல்லத்துல நைட் டியூட்டி, பையனுக்கு நாலு வயசு. ஞாயித்துக்கிழமை பஸ் மணிக்கு ஒண்ணு. மழையில அவனைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு நின்ன அந்த பஸ் ஸ்டாப்பை இன்னைக்குக் கடந்தாலும் எனக்கு நெஞ்சை அடைக்குது. அப்படி நிக்கறப்பத்தான் ஒருத்தர் வந்தாரு. நம்ம பக்கத்துக்காரர், நம்ம பேச்சு. வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி குடுத்தாரு. "உங்களுக்குன்னா விலையைக் கொறைச்சுக்கறனுங்க" அப்படீன்னாரு. 5,800 டாலர் குடுத்து ஏழு சீட் வண்டி ஒண்ணு வாங்கினோம். நாங்க பார்க்கப் போனப்ப பானெட் சூடா இருந்துச்சு. காலையில கடைக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னாரு. லாரிக்காரர் மக நான், ஆறின இன்ஜின்ல தெரியற கோளாறை மறைக்கத்தான் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். காபி குடுத்த வீட்டுல சந்தேகப்படக் கூச்சமா இருந்துச்சு.

பதினோராவது வாரம் பல்லாரட் போற ரோட்டுல ஹீட் முள்ளு மேல ஏறுச்சு. ஓரங்கட்டி நிறுத்தறதுக்குள்ள ஆவி கிளம்பிருச்சு. கூலன்ட் கொதிச்ச இனிப்பு வாசம் சீட்டு வரைக்கும் வந்துச்சு. மெக்கானிக் வந்ததும் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினாரு. டீக்கடைச் சட்டியில பால் ஏடு படிஞ்சிருக்குமே, அந்த நிறத்துல பிசுபிசுன்னு ஒட்டியிருந்துச்சு. ஆயிலும் தண்ணியும் கலந்துருச்சு, இன்ஜின் தலைப்பாகத்துக்கு அடியில அது ரெண்டையும் பிரிச்சு வைக்கற ஹெட் கேஸ்கட் போச்சு. 3,200 டாலர். வித்தவருக்கு போன் பண்ணினோம். "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க" அப்படீன்னாரு.

நம்ம திருச்செங்கோட்டுலயோ சங்ககிரியிலயோ இதே வேலைக்கு ஹெட்டைக் கழட்டி, மட்டமாச் சீவி ஃபேஸிங் அடிச்சு, கேஸ்கட் போட்டு ரெண்டு நாள்ல வண்டியை வெளிய விட்டுருவாங்க. அங்க கேஸ்கட் விலை கொஞ்சந்தான், கூலிதான் காசு. மணிக்கு நூத்துச் சொச்சம் டாலர், எட்டுலருந்து பத்து மணி நேர வேலை. இங்கிருந்து போற நம்ம ஆளுக யாருக்குமே இது மண்டையில ஏறறதில்லை. வண்டி மலிவா இருக்குதேன்னு வாங்கறாங்க. பழைய வண்டி அங்க மலிவா இருக்கறதே அதைச் சரி பண்றது மலிவு இல்லைங்கறதாலதான்.

பெட்ரோல் கணக்கு. அங்க லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு சொல்ல மாட்டாங்க, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு சொல்வாங்க. நூறை அந்த நம்பரால வகுத்தா நம்மூர் மைலேஜ் வந்துரும். நீங்க சொன்ன மாதிரி பழைய ஆறு சிலிண்டர் வி6 வண்டி டவுனுக்குள்ள 15 லிட்டர் குடிக்கும்னு வெச்சுக்குங்க, லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கூட வராது. வருசம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினா 2,250 லிட்டர். லிட்டர் 2 டாலர்னு போட்டா 4,500 டாலர். 7 லிட்டர்ல ஓடற சின்ன வண்டிக்கு அதே தூரம் 2,100 டாலர். வித்தியாசம் வருசத்துக்கு 2,400 டாலர், அந்த வண்டி விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல. மெல்பர்ன்ல பெட்ரோல் விலை திடீர்னு ஏறும், அப்புறம் வாரக்கணக்குல மெதுவா எறங்கும். எறங்கின நாள்ல டேங்க்கை ரொப்பிக்கோணும். மூடிக்கு உள்பக்கம், பெட்ரோல் ரகம் (ஆக்டேன் நம்பர்) 91 போதுமா, 95 இல்ல 98 வேணுமான்னு எழுதியிருக்கும். அதையும் பாருங்க, ஐரோப்பிய வண்டிக பலதுக்கு 91 ஆகாது.

ரோட்வொர்த்தி சர்ட்டிபிகேட் இருக்குதுன்னு அவர் சொல்வாரு. அது நம்ம எஃப்சி மாதிரி. பிரேக், ஸ்டீயரிங், டயர், லைட்டு, சீட் பெல்ட்டு, இதைத்தான் பார்ப்பாங்க. இன்ஜின் நல்லா இருக்குது, கியர்பாக்ஸ் தாங்கும்னு அதுக்கு அர்த்தமில்லை. மெல்பர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துல லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட வாங்கினா, வண்டி பத்து வருசத்துக்குள்ளயும் 1,60,000 கிலோமீட்டருக்குள்ளயும் இருந்தா மூணு மாச வாரண்டி சட்டப்படி உண்டு. உங்க வண்டி ரெண்டு கணக்குலயும் வெளிய, அதுலயும் தனி ஆள்கிட்ட வாங்கறீங்க. 2 டாலர் கட்டினா பிபிஎஸ்ஆர்னு ஒரு பதிவேட்டுல அந்த வண்டி மேல கடன் நிக்குதா, விபத்துல தேறாதுன்னு தள்ளி ரைட் ஆஃப் ஆனதா, திருடு போனதான்னு தெரிஞ்சுரும். சேஸிஸ் நம்பர் கேளுங்க. குடுக்கத் தயங்கினா அதோட பேச்சை நிறுத்திக்கலாம்.

இதை எழுதறது திருச்செங்கோட்டுல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துதானுங்க. வைகாசித் தேருக்கு வந்தேன். பரணைச் சுத்தம் பண்ணுனப்ப எங்கய்யனோட 1991 லாரி நோட்டு கிடைச்சுது, இப்ப மடியில இருக்குது. அட்டை கருத்து, டீசல் வாசம் இன்னும் போகலை. இடது பக்கம் கிலோமீட்டர், வலது பக்கம் லிட்டர், அடியில ஸ்பிரிங்குல மெயின் பட்டை மாத்துனது, கிரீஸ் அடிச்சது, கிளீனருக்குப் படி. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுக்கோணும். மூணே முக்காலுக்கு எறங்கினா அதைச் செகப்புப் பேனாவுல வட்டம் போட்டிருக்காரு. அன்னைக்கே டீசலைப் பீச்சற நாசிலைக் கழட்டச் சொல்வாரு, லோடு நின்னாலும் சரின்னு. ஒரு பக்கத்துல "பின் ஜோடி டயர் ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு, மாத்தச் சொன்னேன்" அப்படீன்னு இருக்குது. ஜோடியில ஒண்ணு உயரமா இருந்தா பாரம் பூரா அது மேல விழும். சின்னப்புள்ளையில அவரு டயர்மேல கயிறு வெச்சு அளக்கறதை வேடிக்கை பார்த்திருக்கேன்.

அதே பாடம் எனக்கு அங்க வந்துச்சு. எந்நேரமும் நாலு சக்கரமும் இழுக்கற வண்டியில ஒரு டயரை மட்டும் புதுசாப் போடக் கூடாதுங்க. தேய்மானம் வேற வேறயா இருந்தா சக்கரம் சுத்தற வேகம் மாறும், சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிச்சுக் குடுக்கற நடு டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஓயாம அதை இழுத்துப் பிடிச்சுத் தேயும். நாலும் ஒட்டுக்கா மாத்தோணும், எனக்கு ஆனது 960 டாலர். முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூணுக்கும் தனித்தனியா ஆயில். சின்னக் காருக்கு இந்தச் செலவே கிடையாது.

பெட்ரோல் குடிக்குதுன்னு டீசலுக்குத் தாவாதீங்க. புது டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கற வடிகட்டி இருக்குது, டிபிஎஃப்னு சொல்வாங்க. ஹைவேயில சூடாகி ஓடினாத்தான் அந்தக் கரி எரியும். பள்ளிக்கூடம், கடை, வீடுன்னு மூணு கிலோமீட்டர் ஓட்டற வண்டியில அடைச்சுக்கும். என்ற நங்கை குடும்பம் அப்படி ஒண்ணு வாங்கிட்டு வண்டி தானே வேகத்தைக் கொறைச்சுக்கற லிம்ப் மோடுல ஊர்ந்து வந்ததைக் கண்ணால பார்த்தேன்.

அங்க நம்ம சங்கத்துல ஒரு பேச்சு இருக்குது, குழந்தை ரெண்டு இருந்தா எஸ்யூவி இல்லாம ஆகாதுன்னு. வந்து ரெண்டு வருசம் ஆனவங்கதான் சத்தமாச் சொல்வாங்க. பொங்கல் விழாவுல பார்க்கிங்கைப் பார்த்தா ஊர்ல கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும். எனக்கு இது பிடிக்காதுங்க. நைட் ஷிப்ட் பார்த்துச் சம்பாதிச்ச காசு அது. அதைவிட வருத்தம், தன் ஓட்டை வண்டியைப் புதுசா வர்றவங்க தலையில கட்டறது. வந்து எறங்கறவனுக்கு அங்க வேற யாரைத் தெரியும்? நம்மூர்க்காரரைத்தான நம்புவான்?

அந்த 3,200 டாலருக்கப்புறம் நானே கத்துக்கிட்டேன். ஜாக் ஸ்டாண்ட் வாங்கி, லீவு நாள்ல ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் நானே மாத்தினேன். மருதாணி வெச்ச கையில கிரீஸ். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரமா நின்னு பார்த்துட்டு, அவரோட டார்க் ரெஞ்சைக் கொண்டாந்து குடுத்தாரு. அப்புறம் வாங்கின சின்ன வண்டி பத்து வருசம் ஓடுச்சு. எங்கய்யனை மாதிரியே நோட்டும் போட்டேன்.

உங்க வண்டிக்கு வர்றேன். அட்வான்ஸ் வேண்டாம். போய் எறங்கி, முதல் மாசம் ரயில்லயும் பஸ்லயும் போங்க. இன்ஜினுக்குள்ள வால்வை ஓட்டறது டைமிங் பெல்ட்டா செயினான்னு அவர்கிட்ட கேளுங்க. பெல்ட்டுன்னா மாத்தின பில்லைக் கேளுங்க, வாய்ப்பேச்சு வேண்டாம். பெல்ட் அறுந்தா பல இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல மோதி இன்ஜினே போயிரும். பார்க்கப் போறப்ப வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லுங்க, முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்க. ஏசி போட்டு இருபது நிமிசம் ஓட்டுங்க, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு மெதுவாத் திருப்பறப்ப டக்கு டக்குன்னு கேக்குதான்னு கவனிங்க. காசு குடுத்துத் தனி மெக்கானிக்கைக் காட்டுங்க. இதெல்லாம் தாண்டி வந்தாலும் கையில இன்னொரு 2,500 டாலர் இல்லாம வாங்காதீங்க.

அவர் சர்வீஸ் பில் அனுப்பினாருன்னா எடுத்துட்டு ஒரு எட்டு வாங்க தம்பி, பெருந்துறையில இருந்து ஈரோடு வழியா ஒரு மணி நேரத்துல வந்துரலாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன். மருமகளையும் கூட்டிட்டு வாங்க, அந்த நோட்டையும் காட்டறேன்.