கணினி இயங்குதளத்திலேயே நகல் பாதுகாப்பு இருப்பதால் சாதாரணப் பயனருக்கு என்ன பாதகம்?

காசு கொடுத்து வாங்குகிறவருக்குத்தான் பாதகம் அதிகம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். அங்கே பார்ப்பதை வைத்தே சொல்கிறேன்.

தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மகன் வாங்கித் தந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, படம் பார்க்க மாசாமாசம் பணம் கட்டுறேன். சத்தம் கேக்குது, படத்தைக் காணோமே" என்றார். வீட்டிலிருந்த பழைய திரையில் அடாப்டர் போட்டு, விஜிஏ என்ற பழைய வகைக் கேபிள் வழியாக இணைத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பையன் பெண்டிரைவில் கொடுத்த கள்ளப் பிரதி மட்டும் அதே கேபிளில் ஜோராக ஓடுகிறதாம்!

எந்தச் சாமானிலும் பழுது இல்லை. படத்தை நகலெடுப்பதைத் தடுக்க எச்டிசிபி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உரிமம் பெற்ற படம் ஓடத் தொடங்கும்போது கணினி எதிரே உள்ள திரையிடம் சாவி கேட்கும்; சரியான பதில் வந்தால்தான் படத்தைப் பூட்டிய வடிவில் அனுப்பும். விஜிஏ வழியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதனால் படம் கறுப்பாகிவிடும், அல்லது தரம் குறைந்து மங்கலாக வரும். கள்ளப் பிரதியில் பூட்டு ஏற்கெனவே உடைந்திருப்பதால் அங்கே கேள்வியே கிடையாது.

விண்டோஸில் இந்தப் பூட்டு ஆழமாக இறங்கியது 2007-இல் வந்த விஸ்டாவோடுதான். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் பீட்டர் குட்மேன் 2006 கடைசியிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். படமே பார்க்காதவர்களும் வன்பொருளிலும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள்களிலும் இதன் செலவைச் சுமக்க வேண்டிவரும் என்பது அவர் வாதம். மைக்ரோசாஃப்ட் மறுப்பு எழுதியது. அவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அடிப்படையில் அவர் சொன்னது சரி. இத்தனைக்கும் எச்டிசிபியின் மூலச் சாவி 2010-இல் கசிந்துவிட்டது, இன்டெல்லே அதை ஒப்புக்கொண்டது. ஆனாலும் கணினி திரையிடம் சாவி கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் பழைய விளையாட்டு சிடிக்கள். பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதன் டிரைவர் விண்டோஸின் அடியாழத்தில் ஓடியதால் அதுவே பாதுகாப்பு ஓட்டையாகிவிட்டது, 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அசல் சிடியைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

படக் கம்பெனிகள் பூட்டில்லாமல் படம் தரமாட்டார்கள், அது புரிகிறது. எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். காரணத்தைச் சொல்லும் செய்திகூடப் பல நேரம் திரையில் வராது. ஆட்கள் கேபிளை மாற்றுகிறார்கள், விண்டோஸை அழித்து மறுபடி போடுகிறார்கள், கடைசியில் கணினியையே மாற்றக் கிளம்புகிறார்கள்.

செகண்ட் ஹேண்டில் திரை வாங்கினால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் மட்டும் போதாது, எச்டிசிபி உண்டா என்றும் கேளுங்கள். முடிந்தால் உங்கள் மடிக்கணினியைக் கடைக்கே கொண்டுபோய், நீங்கள் பணம் கட்டிப் பார்க்கும் படம் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். யூடியூப் ஓடுவதைக் காட்டினால் ஏமாறாதீர்கள், அங்கே பெரும்பாலான காணொளிகளுக்கு இந்தச் சோதனையே இல்லை.