வாசகர் கேள்விகள்: ஹூவரில் தோற்று ஒமாஹாவில் வென்றவர்கள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் ‘எஸ்.இ.சி. டோர்னமென்ட்’ என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன, எப்போது தொடங்கியது? (வாசகர், திருச்சி)

பதில்: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த பெரிய பல்கலைக்கழகங்கள் 1932இல் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட விளையாட்டுக் கூட்டமைப்பின் சுருக்கப் பெயர்தான் எஸ்.இ.சி. ஒவ்வோர் ஆண்டும் பேஸ்பால் லீக் ஆட்டங்கள் முடிந்த கையோடு, மே மாதக் கடைசியில், உறுப்பு அணிகளுக்குள் ஒரு வாரம் நடக்கும் போட்டியையே நீங்கள் குறிப்பிடுகிறீர்கள். முதல் போட்டி 1977இல், மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், நான்கே அணிகளுடன் நடந்தது. உள்ளூர் அணியான மிசிசிப்பி பல்கலைக்கழகமே, அதாவது எல்லோரும் ‘ஓல் மிஸ்’ என்று அழைக்கும் அணியே, கோப்பையை வென்றது.

தொடக்க ஆண்டுகளில் உறுப்புப் பல்கலைக்கழகங்களின் மைதானங்களிலேயே சுற்றி வந்த இப்போட்டி, 1990இல் முதன்முறையாக அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய ஹூவருக்கு வந்தது. அந்த ஆண்டே மழை புகுந்து விளையாடியதால் இறுதி ஆட்டம் நடக்காமல், எல்.எஸ்.யு. எனப்படும் லூசியானா ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் ஆகிய இரு அணிகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1998 முதல் ஹூவரே நிரந்தர இடம்; கொரோனாவால் போட்டியே ரத்தான 2020 மட்டும் விலக்கு. அந்த மைதானம் 1988இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற தொழில்முறை அணிக்காகக் கட்டப்பட்டது. கூடைப்பந்து உலகின் மைக்கேல் ஜோர்டான் 1994இல் மட்டையும் கையுமாக நின்றது இங்கேதான். 2013இல் பேரன்ஸ் அணி பர்மிங்ஹாம் நகருக்குள் புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்துவிட, இன்று ஹூவர் மைதானத்தின் பெயரை நாடறியச் செய்வது இந்த ஒரு வாரப் போட்டிதான்.

கேள்வி: போட்டி நடத்தும் முறையை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்? ஒரே முறையை வைத்துக்கொண்டால் ஆகாதா? (வாசகர், கோவை)

பதில்: காரணம் இரண்டு. ஒன்று, கூட்டமைப்பு பெருத்துக்கொண்டே போவது. மற்றொன்று, பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், தோள்.

முதலாவது எளிது. 1990களின் தொடக்கத்தில் ஆர்கன்சாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபோது கூட்டமைப்பு கிழக்கு, மேற்கு என இரு பிரிவானது. அதன் விளைவாக 1993 முதல் 1995 வரை பிரிவுக்கு ஒன்றாக இரு தனித்தனிப் போட்டிகள் நடந்தன. இரண்டு சாம்பியன்களை வைத்துக்கொண்டு யாருக்கும் திருப்தி இல்லை போலும், 1996இல் மீண்டும் ஒரே போட்டியானது. எட்டு அணிகள் என்றிருந்தது 2012இல் பத்தாகவும், 2013இல் பன்னிரண்டாகவும் வளர்ந்தது. டெக்சாஸ், ஓக்லஹோமா ஆகியவற்றின் வருகைக்குப் பின் 2025இல் பதினாறு அணிகளும் ஹூவருக்கு வந்துவிட்டன.

இரண்டாவதுதான் சுவையான காரணம். லீக் பருவத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளுக்கு மூன்று ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடங்க ஒரு நல்ல பிட்சர். வெள்ளிக்கிழமை நூறு பந்துகள் வீசியவர் அடுத்த வெள்ளிக்கிழமைதான் மீண்டும் தொடக்க வீச்சுக்கு வருவார். இந்த ஒழுங்கை ஹூவர் குலைத்துவிடுகிறது. நீண்ட காலம் இங்கே இரண்டு தோல்வி முறையே முதுகெலும்பாக இருந்தது: ஒருமுறை தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டாம் முறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கேட்க நியாயமாக இருந்தாலும், முதல் ஆட்டத்தில் தோற்ற அணி கோப்பையைத் தொட வேண்டுமென்றால் ஏறக்குறைய நாள்தோறும் ஆட வேண்டும். அதற்கு எத்தனை பிட்சர்கள் இருந்தாலும் போதாது.

2013 முதல் 2024 வரை இருந்த ஏற்பாடு ஒரு கலவை. ஐந்து முதல் பன்னிரண்டாம் இடம் வரையிலான அணிகளுக்கு முதல் நாள் ஒரே தோல்வியில் வெளியேற்றம், அடுத்த மூன்று நாட்கள் இரண்டு தோல்வி முறை, சனிக்கிழமை அரையிறுதியிலிருந்து மீண்டும் ஒரே தோல்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ள ரசிகர்களே திணறினார்கள். 2025இல் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு முழு நாக் அவுட் முறைக்கு வந்தார்கள். பன்னிரண்டு அணிகளுக்குப் பதினேழு ஆட்டங்கள் தேவைப்பட்ட இடத்தில், பதினாறு அணிகளுக்குப் பதினைந்தே ஆட்டங்கள். லீக்கில் முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் நேராகக் காலிறுதிக்கு வருவதால், மூன்று வெற்றியில் கோப்பை கிடைத்துவிடும். வழக்கமான மூன்று தொடக்க பிட்சர்களே போதும். ஹூவரில் நடந்த சீர்திருத்தங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான் என்பது என் கருத்து. ஆனால், முதல் நாள் தோற்று, பின்வாசல் வழியாக ஏறி வந்து இறுதியாட்டம் ஆடும் அணியைப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டதே என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டால் அதிலும் நியாயம் உண்டு.

கேள்வி: இந்தக் கோப்பையை வெல்பவர்தான் கூட்டமைப்பின் சாம்பியனா? வென்றால் என்ன பயன்? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. முப்பது லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடிக்கும் அணியே கூட்டமைப்பின் சாம்பியன். ஹூவர் கோப்பை அதற்கு மேல் ஒரு தனிப் பட்டம். அதை வெல்லும் அணிக்கு, 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் இடம் உறுதி. ஆனால் எஸ்.இ.சி.யின் வலுவான அணிகளுக்கு அந்த இடம் எப்படியும் கிடைத்துவிடும். அவர்களின் கண்ணெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை தொடங்கும் தேசியப் போட்டியின் மீதும், அதன் முடிவில் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் மீதும்தான். ஆகவே பல பயிற்சியாளர்கள் ஹூவரில் தம் முதல் பிட்சரைச் சில இன்னிங்ஸ்களோடு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது களத்துக்கு அழைப்பதே இல்லை.

விளைவைப் பாருங்கள். 2010இல் தென் கரோலினா ஹூவரில் இரண்டு ஆட்டங்களையும் தோற்று ஊர் திரும்பியது; அடுத்த மாதம் ஒமாஹாவில் தேசியப் பட்டம் வென்றது. 2021இல் மிசிசிப்பி ஸ்டேட்டின் கதை இன்னும் மோசம்: புளோரிடாவிடம் 13-1, டென்னசியிடம் 12-2. பத்து ரன் வித்தியாசம் வந்தால் ஆட்டத்தைப் பாதியில் முடித்துவிடும் விதி இரண்டு நாளும் அவர்கள் மீது பாய்ந்தது. அதே அணிதான் அந்த ஆண்டு தன் பல்கலைக்கழகத்தின் முதல் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தது. லீக்கிலும் ஹூவரிலும் முதலிடம் பிடித்திருந்த ஆர்கன்சாவோ, ஒமாஹா வாசலைக்கூட மிதிக்கவில்லை.

மறு ஆண்டு ஓல் மிஸ். லீக்கில் 14 வெற்றி, 16 தோல்வி. ஹூவரில் முதல் நாளே வாண்டர்பில்ட்டிடம் 3-1 என்று தோல்வி. தேசியப் போட்டிக்குக் கடைசி அணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று தேர்வுக் குழுத் தலைவரே சொன்னார். ஒமாஹாவில் டிலன் டிலூசியா என்ற பிட்சர் ஆர்கன்சாவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸையும் தாமே வீசி, ஒரு ரன்னும் கொடுக்காமல் 2-0 என வெல்ல, இறுதித் தொடரில் ஓக்லஹோமா இரண்டே ஆட்டங்களில் வீழ்ந்தது. அந்த ஆண்டு லீக்கையும் ஹூவரையும் வாரிச் சுருட்டிய டென்னசி, சொந்த ஊரிலேயே நோட்ர டேமிடம் தோற்று நின்றது.

இதைக் கொண்டு ஹூவர் வெற்றி ராசியில்லாதது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2009இல் எல்.எஸ்.யு., 2024இல் டென்னசி ஆகிய அணிகள் ஹூவரையும் வென்று ஒமாஹாவையும் வென்றிருக்கின்றன.

கேள்வி: அதிக முறை வென்ற அணி எது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: எல்.எஸ்.யு. 2025 வரை பன்னிரண்டு முறை. 1990இன் பகிர்ந்த கோப்பையும், 1993, 1994 ஆண்டுகளின் மேற்குப் பிரிவுக் கோப்பைகளும் இக்கணக்கில் அடங்கும். 2008 முதல் 2010 வரை தொடர்ந்து மூன்று. 2025 இறுதியாட்டத்தில் வாண்டர்பில்ட் ஓல் மிஸ்ஸை 3-2 என வென்றது.

கேள்வி: பிட்சர் பந்து வீச நேரக் கட்டுப்பாடு வைக்கும் கடிகாரம் இங்கேதான் வந்ததா? (வாசகர், ஈரோடு)

பதில்: கல்லூரி அளவில் அதற்கு வெள்ளோட்டம் பார்த்த முக்கியமான களம் ஹூவர்தான். 2010 போட்டியில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியும்படி இருபது விநாடிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். மறு ஆண்டே, பேஸ் எனப்படும் நிலைகளில் ஓட்டக்காரர் இல்லாத நேரத்துக்கு அது கல்லூரி பேஸ்பால் முழுவதற்கும் விதியானது. தொழில்முறை மேஜர் லீக் 2023இல்தான் கடிகாரத்தை ஏற்றது. 2025இல் மற்றொரு சோதனையும் இங்கே நடந்தது. பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த ‘ஸ்ட்ரைக்’கா, எல்லைக்கு வெளியே போன ‘பால்’ஆ என்ற அம்பயரின் தீர்ப்பில் ஐயம் இருந்தால் வீரர் உடனே முறையிடலாம். கேமராக்கள் பதிவு செய்த பந்தின் பாதையைக் கணினி பார்த்துச் சில விநாடிகளில் முடிவு சொல்லும். ஒரு வாரத்துக்கு ஒரே மைதானம் என்பதால் கருவிகளை ஒரே இடத்தில் பொருத்தினால் போதும், பதினாறு ஊர்களுக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.