விதி எது, வழக்கம் எது? – அயல்நாட்டு வாழ்வு குறித்த வாசகர் கேள்விகள்

அயல்நாடுகளில் வசிப்போரும் அங்கு செல்லவிருப்போரும் அனுப்பிய கேள்விகளில், உள்ளூர் விதிகள் தெளிவாக இல்லாததால் எழும் குழப்பங்களைப் பற்றியவை இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: என் அமெரிக்கச் சுற்றுலா விசா இன்னும் பல ஆண்டுகளுக்குச் செல்லும். அப்படியிருக்க, ஆறு மாதத்திற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்துவது ஏன்?

பதில்: உறவினர்கள் சொல்வதே சரி. விசாவில் அச்சிடப்பட்டிருக்கும் கடைசி நாள், அதைக் காட்டி நாட்டின் வாயிலில் அனுமதி கேட்பதற்கான கடைசி நாள் மட்டுமே. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை, பொதுவாக ஆறு மாதம் என்று, நுழைவிடத்தில் இருக்கும் அதிகாரி முடிவு செய்கிறார். அந்த முடிவு ஐ-94 என்ற வருகைப் பதிவில் ஏறுகிறது. விமானத்திலும் கப்பலிலும் வருவோருக்கு 2013 முதல் இப்பதிவு பொதுவாகக் காகிதத்தில் தரப்படுவதில்லை என்பதால், பலர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். வந்து இறங்கியவுடன் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் அதை எடுத்து, பெயரும் நாளும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் அந்த விசாவே செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் சட்டத்திற்குப் புறம்பாகத் தங்கி வெளியேறியவர் மூன்று ஆண்டுகளுக்கும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியவர் பத்து ஆண்டுகளுக்கும் மீண்டும் நுழைய முடியாதபடி 1996ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) 90 நாள் முடிந்ததும் வெளியே சென்று சில வாரங்கள் கழித்துத் திரும்பினால், மீண்டும் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். உண்மையா?

பதில்: உண்மையன்று. இந்த நம்பிக்கையால் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுவோர் இருப்பதால், கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விதி, எந்த 180 நாள் காலத்திலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது. அந்த 180 நாள் நீங்கள் முதலில் நுழைந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கி ஒரு நாள் முடிந்துவிடும் காலமன்று. நீங்கள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணப்படும் காலம். நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும்.

மார்ச் 1 அன்று நுழைந்து மே 29 அன்று வெளியேறினால் சரியாக 90 நாள் தீர்ந்துவிடுகிறது. மார்ச் 1ஆம் நாள் கணக்கிலிருந்து விலகுவது ஆகஸ்ட் 28 அன்றுதான். அதற்கு முன் ஒரு நாள்கூட உள்ளே இருக்க இடமில்லை. அன்று நுழைந்தால், பழைய நாள்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே வருவதால் தொடர்ந்து தங்க முடியும். இடையில் லண்டனிலோ இஸ்தான்புல்லிலோ மூன்று வாரம் இருந்துவிட்டு வருவதால் எந்தப் பயனும் இல்லை. ஒரு ஷெங்கன் நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் வெளியேறுவதாகாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்குத்தான். விசாவில் தங்கும் நாள்கள் 90க்குக் குறைவாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையே உங்கள் எல்லை. முத்திரைகளை எண்ணிப் பார்க்கும் பழைய முறைக்குப் பதிலாக, விரல்ரேகையுடன் நுழைவையும் வெளியேற்றத்தையும் பதியும் மின்னணு முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், கவனிக்கப்படாமல் தப்பிக்கலாம் என்ற எண்ணத்திற்கு இனி இடமில்லை.

கேள்வி: தாய்லாந்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று படித்தேன். வீட்டுக்காரரோ, யாரும் அப்படிச் செய்வதில்லை என்கிறார்.

பதில்: ‘யாரும் செய்வதில்லை’ என்பது இதுவரை சிக்காதவர்களின் கூற்று. 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்கும் பொறுப்பை 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வீட்டுக்காரர் மீதுதான் வைத்திருக்கிறது; அந்தப் படிவத்தை டி.எம். 30 என்பார்கள். ஆனால் விசாவை நீட்டிக்க நீங்கள் போகும் நாளில் அந்த ரசீது இல்லையென்றால் விண்ணப்பம் நிற்பது உங்களுக்கே. எனவே வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போதே இதைச் செய்து தருவதாக ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்குவோர் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிப்பது தனிக் கடமை. ஒன்றைச் செய்தால் மற்றது தீர்ந்துவிடாது.

இத்தகைய பதிவு வேறு நாடுகளிலும் உண்டு. சீனாவில் விடுதி அல்லாத இடத்தில், உறவினர் வீடாகவே இருந்தாலும், தங்கிய 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.

கேள்வி: வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கச் சென்றேன். ஒரே அலுவலகத்தில் ஓர் அதிகாரி ஒரு சான்று போதும் என்றார். அடுத்த வாரம் இன்னொருவர் அது செல்லாது என்றார். யாரை நம்புவது?

பதில்: இருவரில் எவரையும் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று, அதன் கீழ் அரசு வெளியிட்ட விதிகள் மற்றொன்று, அலுவலகத்திற்குள் மட்டும் சுற்றும் சுற்றறிக்கை வேறொன்று. முகப்பில் இருப்பவர் பெரும்பாலும் இந்தச் சுற்றறிக்கையை வைத்தே வேலை செய்கிறார். அது அடிக்கடி மாறும், ஊருக்கு ஊர் வேறுபடும். ஜெர்மனியில் வசிப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே என்றாலும், அதை நடைமுறைப்படுத்துவது உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகங்கள் என்பதால் ஒரு நகரத்தில் கேட்காத தாளை இன்னொரு நகரத்தில் கேட்பார்கள்.

எந்தச் சட்டப் பிரிவின்படி இந்தச் சான்று தேவை என்று மரியாதையுடன் கேளுங்கள். அன்று மாலையே, ‘இன்ன நாளில் இன்ன முகப்பில் இவ்வாறு கூறப்பட்டது, இது சரிதானா’ என்று அலுவலகத்தின் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்கு அது சாட்சி. அலுவலக இணையதளத்தின் ஆங்கிலப் பக்கம் பெரும்பாலும் தகவலுக்கு மட்டுமே. சட்டமாகச் செல்லுபடியாவது உள்நாட்டு மொழியில் உள்ள பாடம். ஆகவே அதையும் ஒருமுறை மொழிபெயர்த்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலக்கெடு. தாள்கள் முழுமையாக இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை வைத்து அனுமதி முடியும் முன்பே விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்குங்கள். ஜெர்மனியில் இவ்வாறு உரிய காலத்தில் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை தொடர்வதாகவே கருதப்படும். அதற்கென ஓர் இடைக்காலச் சான்றும் உண்டு. ஒரு நாள் தாமதித்தவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. மறுப்பதென்றால் காரணத்துடன் எழுத்தில் தரும்படி கேளுங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு அந்தத் தாளிலிருந்துதான் தொடங்குகிறது. ரசீது தராமல் கேட்கப்படும் ‘கட்டணம்’ எதையும் செலுத்த வேண்டாம். வேலை முடிந்ததுபோல் தோன்றினாலும், அதற்குரிய பதிவு எங்கும் இல்லையென்று பின்னர் தெரியவரும்போது துன்பப்படப்போவது நீங்கள்தான்.

கேள்வி: சுற்றுலா விசாவில் தங்கி, வேறு நாட்டு நிறுவனத்திற்கு மடிக்கணினி வழியே வேலை செய்யலாமா?

பதில்: பல நாடுகளின் சட்டங்கள் இத்தகைய வேலை தோன்றுவதற்கு முன்பே எழுதப்பட்டவை, அவற்றில் ‘வேலை’ என்றால் உள்நாட்டு முதலாளியிடம் செய்வதா, அந்த மண்ணில் இருந்து செய்வதெல்லாமா என்பது தெளிவாக இல்லை. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் வருகையாளர் தொலைவிலிருந்து வேலை செய்வதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆனால் அதுவே பயணத்தின் முதன்மை நோக்கமாக இருக்கக்கூடாது. எஸ்டோனியா 2020இல் இதற்கென்றே தனி விசாவைத் தொடங்கியது. விதி பேசாத இடத்தில், தனி விசா இருந்தால் அதையே பெறுங்கள். இல்லையென்றால் தூதரகத்திடம் எழுதிக் கேளுங்கள். வரி வேறு கணக்கு: ஆண்டில் 183 நாள் தங்கினால் வரி உண்டு என்ற எல்லை பரவலாக இருந்தாலும், அதற்குக் குறைவாகத் தங்கினாலே வரி இல்லை என்று எல்லா நாடுகளிலும் கொள்ள முடியாது. விசா இருப்பதும் வரி இல்லாதிருப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: மருத்துவர் எழுதிய மருந்தை எடுத்துச் செல்லத் தடை இருக்குமா?

பதில்: இருக்கும். கவனக்குறைவுச் சிக்கலுக்காக (ஏ.டி.எச்.டி.) சில நாடுகளில் தரப்படும் ஆம்ஃபெட்டமின் மருந்துகளை, மருந்துச்சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்லக் கூடாது. மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரைகளையும் முன்கூட்டியே அனுமதி பெறாமல் அங்கு கொண்டுசெல்லக் கூடாது. வணிகப் பெயரை விட்டுவிட்டு, வேதிப்பெயரை வைத்து அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: தெரியாமல் ஒரு விதியை மீறி, காவலில் வைக்கப்பட்டால் என்ன உரிமை உண்டு?

பதில்: தெரியாது என்பது பெரும்பாலும் தண்டனையைக் குறைக்கலாமேயொழிய, குற்றத்தை நீக்காது. ஆனால் 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆம் பிரிவின்படி, கைதான வெளிநாட்டவரிடம் தம் நாட்டுத் தூதரகத்திற்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமை உண்டு என்பதைக் காவலர்கள் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இது நாடுகளுக்கிடையிலான சடங்கு மட்டுமன்று, தனிமனிதருக்கும் உரிய உரிமை என்று ஜெர்மனி அமெரிக்காவின் மீது தொடுத்த லாகிராண்ட் வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. தூதரகம் உங்களை விடுவிக்க இயலாது. வழக்கறிஞர் பட்டியல் தரும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், நேரில் வந்து பார்க்கும். பொதுவாக நீங்கள் கேட்டால்தான் தகவல் போகும் என்பதால், தயங்காமல் முதலிலேயே கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை, உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.