கார்பன் தகடும் தேரி மணலும்: ஓட்டக் காலணி கேள்வி-பதில்

அரை மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் ஓடி முடிக்கிறேன். அடிப்பாகத்தின் மெத்தென்ற ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூவுக்குக் கடையில் பதினெட்டாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். நேரம் 4 சதவீதம் குறையும் என்கிறார்களே, உண்மையா? (பாளையங்கோட்டை)

அந்த 4 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2017-ல் இந்த வகை ஷூவான நைக்கி வேப்பர்ஃப்ளை சந்தைக்கு வந்த சமயம், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தேர்ந்த ஓட்டக்காரர்கள் 18 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு, மூச்சை வைத்து ஆற்றல் செலவைக் கணக்கிட்டார்கள். வேகம் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர். சராசரியாக 4 சதவீதம் குறைந்தது ஆற்றல் செலவுதான், நேரம் அல்ல. நேரத்தில் மிச்சமாவது அதைவிடக் குறைவு.

உங்கள் வேகம் மணிக்கு 9.5 கிலோமீட்டருக்கும் சற்றுக் கீழே. பின்னாளில் இதே வகை ஷூவை மெதுவான வேகத்தில் சோதித்தபோது, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 1.4 சதவீத ஆற்றலும் 10 கிலோமீட்டர் வேகத்தில் 0.9 சதவீத ஆற்றலும்தான் சராசரியாக மிச்சமாயின. அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். கணக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரு நிமிடம். வண்ணார்பேட்டைப் பக்கம் வெயில் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்துக்கொண்டால் இதைவிட அதிகம் மிச்சமாகும்.

இன்னொன்று. எல்லோரும் தகட்டைத்தான் பேசுகிறார்கள். ஆனால் வேப்பர்ஃப்ளையின் தகட்டைக் குறுக்கே அறுத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. வேலையில் பெரும்பங்கு ஃபோமினுடையது. கொலராடோ சோதனையில், அழுத்திய ஆற்றலில் 87 சதவீதத்தை வேப்பர்ஃப்ளையின் பெபாக்ஸ் ஃபோம் திருப்பித் தந்தது. அடிடாஸ் பூஸ்ட் ஃபோம் 76, பழைய பாணி ஈ.வி.ஏ. ஃபோம் 66 சதவீதம் தந்தன. ஆகவே தகடில்லாத, நல்ல ஃபோம் உள்ள பயிற்சி ஷூவைப் பாதி விலையில் தேடுங்கள். விறைப்பான தகட்டோடு ஓடியவர்களில் சிலருக்குப் பாத எலும்பில் காயம் ஏற்பட்டதையும் விளையாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசைக்கு வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் போட்டி நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தினப் பயிற்சிக்கு வேண்டாம்.

இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட என்ன ஷூ வாங்கலாம்? (மணிமுத்தாறு)

தம்பி, கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி என்ற வேகம் பயிற்சியால் வருவது. லேசான, காலைக் கவ்விப் பிடிக்கும் சாதாரண ஈ.வி.ஏ. ஷூ போதும். எடை மட்டும் பாருங்கள்: ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். தேர்வு நாளில் புது ஷூவை அட்டைப் பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள்.

செம்மண் தேரியில் ஓடுகிறேன். புதிதாக வாங்கிய தடித்த ஷூவில் கணுக்கால் பிசகுகிறது. ஷூவில் குறையா? (திசையன்விளை)

அண்ணாச்சி, ஷூவில் குறையில்லை, இடம்தான் பொருந்தவில்லை. தடித்த மென்மையான ஃபோம் கெட்டியான தார்ச்சாலைக்காகச் செய்தது. தேரி மணல் தானே அமுங்குகிறது. அதன் மேல் நாலு சென்டிமீட்டர் ஃபோமும் அமுங்கினால் கணுக்கால் எதைப் பிடித்து நிற்கும்? குதிகால் அகலமான, தாழ்ந்த, சற்றுக் கெட்டியான அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். போட்டி ஷூக்களில் எடையைக் குறைக்க ஃபோமை ரப்பர் இல்லாமல் திறந்தே விட்டிருப்பார்கள். அதில் உடைமுள் ஏறினால் பாதம் வரைக்கும் வரும். பெரிய கண் வைத்த வலைத்துணியும் வேண்டாம், பொடி மணல் உள்ளே போய் விரலிடுக்கைத் தேய்த்துவிடும். ஓடி முடித்ததும் உள்தாளை உருவிக் கையால் தட்டிப் பாருங்கள்; அரைக் கைப்பிடி மணலாவது விழும்.

சாரல் காலத்தில் ரோட்டில் வழுக்குகிறது. (தென்காசி)

ஃபோமைப் பற்றிய விளம்பரத்தை விட்டுவிட்டு ஷூவைத் திருப்பி அடி ரப்பரைப் பாருங்கள். மிருதுவான ரப்பர் முன்பாதம் முழுக்க இருக்க வேண்டும். எந்த ரப்பராக இருந்தாலும் ரோட்டின் வெள்ளைக் கோட்டிலும் பாசி படிந்த கல்லிலும் நம்ப வேண்டாம்.

ஷூவை எப்போது மாற்றுவது? (அம்பாசமுத்திரம்)

500 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிட உங்கள் கண்ணை நம்புங்கள். ஷூ இரண்டையும் சமதளமான தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் போதும், ஓய்வு கொடுத்துவிடலாம். ஃபோமின் பக்கவாட்டில் கிடைமட்டமாக மெல்லிய மடிப்புக் கோடுகள் நெருங்கி விழுந்திருக்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் பழைய இலவம்பஞ்சுத் தலையணையைப் போல அமுங்கிக் கிடக்கும், மீண்டு வராது. அடி ரப்பர் புதிதாகவே இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். கோடையில் பூட்டிய காருக்குள் ஷூவைப் போட்டுவைப்பவர்களுக்குப் பசை விட்டு அடிப்பாகம் வாய் பிளப்பதும் உண்டு.

அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதி எங்களுக்கும் உண்டா? (வள்ளியூர்)

உலகத் தடகள அமைப்பு 2020-ல் சாலை ஓட்டத்துக்குக் கொண்டுவந்த விதி அது; விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. 2021 வியன்னா மாரத்தானில் முதலில் வந்த எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசாவை, அடிப்பாகம் 5 சென்டிமீட்டர் இருந்ததால் தகுதி நீக்கம் செய்தார்கள். ஊர்ப் போட்டியில் பதக்கத்துக்கு மட்டும் ஓடுகிறவரை யாரும் அளவுகோல் கொண்டு துரத்துவதில்லை.

அந்தக் காலத்தில் வெறுங்காலோடு ஓடியே ஜெயித்தார்களே, இதெல்லாம் எதற்கு? எனக்கு வயது 68. (கல்லிடைக்குறிச்சி)

அபெபே பிகிலாவைச் சொல்கிறீர்கள் ஐயா. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். ஆனால் 1964 டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் தங்கம் வென்றார். உங்களுக்கு விரல்கள் நெருக்காத அகலமான முன்பகுதி முக்கியம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்கள். நீங்கள் வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.